கேம்பல் பேயின் திங்கட்கிழமைக் கோளாறு

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் மேசைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நீல ஒயர்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி நாலு பெட்டிகளை ஒட்டிவிட்டார்கள். இனிமேல் எல்லாம் வைஃபைதானாம். என் இடத்தில் இப்போது இருக்கும் ஷபானா ஃபோன் செய்தாள். "மேடம், உருவின ஒயர் மூணு மூட்டை கிடக்கு. எல்லாம் நீங்க இழுத்தது. ஏலத்துல போறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றாள். துக்கம் விசாரிக்கக் கூப்பிடுவதுபோல இருந்தது. ஆனாலும் ஷாதிபூர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். சமோசா வாங்கி வைத்திருந்தார்கள்.

சமோசாவைத் தின்றுகொண்டே புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார், "ஒயர் காலத்துல அப்படி என்னதான் மேடம் வேலை? ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பி மாட்டுறதுதானே?"

அதேதான். இருபத்தெட்டு வருடம் ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பி மாட்டினேன். அதற்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, இப்போது பென்ஷனும் கொடுக்கிறது. ஆனால் அப்படிப் பிடுங்கி மாட்டியதில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது, அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி என்று சொன்னதும் சமோசாக்கள் தட்டிலேயே நின்றுவிட்டன. "எழுதிக் குடுங்க மேடம்" என்றாள் ஷபானா. எழுதுகிறேன். துறையின் பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் நடந்தபடியே.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரில் துறைமுகக் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஆறு மாதம் மட்டும் மெயின்லேண்ட் போய்ப் பயிற்சி எடுத்தேன். சென்னையில் அந்த ஆறு மாதத்தில் நான் கற்றது ஒரு நிற வரிசை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் ப்ளக்கில் இந்த வரிசையில்தான் அடுக்கி நசுக்க வேண்டும். இன்றைக்கும் வெங்காயம் நறுக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும். மற்றதையெல்லாம் ராஜமாணிக்கம் சாரிடம்தான் கற்றேன்.

சார் லோக்கல். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. தமிழர்தான், ஆனால் அவர் தமிழில் பாதி இந்தி. ஆறடி உயரம். அந்த உயரத்தை மடக்கிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார் என்றால் இரண்டு செருப்புகள் மட்டும் வெளியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் புது நூல் புடவையில் போயிருந்தேன். அந்தச் செருப்புகளிடமிருந்து குரல் வந்தது: "பார்வதி, அந்தப் பக்கமா உள்ள வா." போனேன். வெளியே வரும்போது முந்தானை நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, நாற்காலியும் அதில் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தரும் என்னோடு இரண்டடி வந்தார்கள். மறுநாளிலிருந்து சல்வார்தான்.

ஒரு கம்ப்யூட்டருக்கு நெட் வரவில்லை என்று ஃபோன் வந்தால் மற்றவர்கள் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடிப்பார்கள். சார் நாற்காலிப் பக்கமே போகமாட்டார். முதலில் அந்த மேசைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்பறம் இந்த ரூம்ல என்ன மாறுச்சு?"

"தேக்கோ பார்வதி, மெஷின் பேசாது. பக்கத்துல உக்காந்திருக்கானே, அவன் பேசுவான். பெஹ்லே, மொதல்ல அவன கேளு" என்பார் என்னிடம்.

பிறகு கம்ப்யூட்டரின் பின்பக்கம். ஒயர் மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகளவில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று நிலையாக எரிய வேண்டும், மற்றொன்று துடிக்க வேண்டும். எரியவில்லையா, ப்ளக்கைப் பிடுங்கி, பார்த்து, 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி மாட்ட வேண்டும். அப்போதும் இல்லையென்றால் நாமே கொண்டு வந்த நல்ல ஒயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கென்று இரண்டு மீட்டர் மஞ்சள் ஒயர் ஒன்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதற்கு 'சாட்சி' என்று பெயர். சாட்சியைப் போட்டால் விளக்கு எரிகிறதா, குற்றவாளி பழைய ஒயர். எரியவில்லையா, எல்லா ஒயரும் போய்ச் சேரும் ஸ்விட்ச் பெட்டியில் வேறு ஓட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். விளக்குகள் எல்லாம் சரியாக எரிந்த பிறகுதான் நாற்காலி. அங்கே கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைப் பார்க்க வேண்டும். அது நூற்று அறுபத்தொன்பதில் ஆரம்பித்தால், யாரும் முகவரி கொடுக்காததால் பாவம் தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டது என்று அர்த்தம். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினால் சார் கோபப்படமாட்டார். "ஃபிர் ஸே" என்பார். மறுபடியும் முதலிலிருந்து.

போகிற இடத்திலெல்லாம் டைரி எழுதச் சொல்வார். நேரம், மழையா வெயிலா, கரண்ட் இருந்ததா, அறையில் யார் யார் இருந்தார்கள், ஃபேன் ஓடியதா. எனக்கு எரிச்சலாக வரும். கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கப் போனோமா, ஜாதகம் எழுதப் போனோமா!

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அறிக்கையில் 'கோளாறு ஏதும் இல்லை' என்று எழுதுவது. "ஒனக்குக் கிடைக்கலன்னு எழுது. இல்லன்னு எழுத நீ யாரு, பகவானா?" என்பார்.

பெரிய வழக்குக்குப் போகும் முன் கட்சால் தீவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அங்கே ஓர் அலுவலகத்துக்கும் எதிரே இருந்த கோடவுனுக்கும் நடுவில் நானே போய் அருமையாக ஒயர் இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் கோடவுனில் நெட் இல்லை என்று செய்தி. கப்பலில் ஒன்றரை நாள் வாந்தியெடுத்துப் போய்ப் பார்த்தால், என் ஒயரில் இரண்டு பெட்ஷீட், ஒரு கம்பளி, ஏழெட்டுப் பாவாடைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஈரக் கம்பளியின் கனத்தில் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த ஒரு அம்மா வெளியே வந்து, "நீங்களா கட்டினது? நல்லாருப்பீங்க. இவ்வளவு உறுதியான கொடி நாங்க பாத்ததே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்ட வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். புது ஒயரை மேலே கட்டி, அதற்குக் கீழே தேங்காய் நார்க்கயிற்றில் அவர்களுக்கும் ஒரு கொடி கட்டிவிட்டு வந்தேன். அறிக்கையில் கயிறு எதற்கு என்று சார் கேட்கவேயில்லை.

இனி கேம்பல் பே. கிரேட் நிக்கோபாரில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் இரண்டு நாளுக்கு மேல். அங்கே இருக்கிறவர்களுக்கு மருத்துவம், கல்யாணம், கோர்ட்டு, காலேஜ் எல்லாவற்றுக்கும் இந்தக் கப்பல்தான் வழி. டிக்கெட்டுக்கு வாரத்தில் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் வைத்து டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துச் சில வருடம் ஆகியிருந்த சமயம்.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் செல்வராணி. முப்பது வயசிருக்கும். கட்சாலில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். சுனாமி அலை வந்த பிறகு கேம்பல் பேக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் இவள்தான். ஒப்பந்த வேலை, வருடத்துக்கு வருடம் நீட்டிக்க வேண்டியது.

இவளுடைய கம்ப்யூட்டர் திங்கட்கிழமை ஆனால் படுத்துக்கொண்டது. காலையில் நன்றாக ஆரம்பிக்கும். பத்து மணி வாக்கில் 'ஒயர் பிடுங்கப்பட்டுள்ளது' என்று திரையில் வரும். அவள் பிடுங்கி மாட்டுவாள், வரும், போகும். மத்தியானத்துக்குள் எப்படியோ சரியாகிவிடும். செவ்வாயிலிருந்து சனி வரை ஒரு குறையும் இருக்காது. ஆனால் அதே சீட்டுகளைப் போர்ட் பிளேர் கவுன்ட்டரிலும் விற்பதால், மத்தியானத்துக்குள் அங்கே எல்லாம் விற்றுப்போயிருக்கும். வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? போர்ட் பிளேர் ஏஜென்டுகளோடு இவள் கூட்டு, வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கிவிடுகிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

என்னை அனுப்பினார்கள். ஞாயிறு இறங்கி, திங்கள் வேலை பார்த்து, திங்கள் சாயங்காலமே அதே கப்பலில் ஏற வேண்டும். கடல் அந்தத் தடவை என்னைப் பிழிந்து போட்டிருந்தது. நடந்தால் தரை ஆடியது. காலையில் போய் வரிசைப்படி எல்லாம் பார்த்தேன். விளக்கு எரிந்தது. ப்ளக்கைப் பிடுங்கினேன். பளபளவென்று இருந்தது. தீவில் இரண்டு வருடம் ஆன ப்ளக் என்றால் உப்புக்காற்றில் பற்கள் பச்சை பூத்திருக்கும். இது நகைக்கடையிலிருந்து வந்த மாதிரி மின்னியது.

"யாரு இதெல்லாம் இவ்வளவு சுத்தமா வச்சிருக்கறது?" என்று கேட்டேன்.

மூலையில் நின்றிருந்த காவலாளி நிமிர்ந்தார். குர்தீப் சிங். அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, அரசாங்கம் நிலம் கொடுத்து இங்கே குடியேறிய பஞ்சாபி. இவர் சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர். அதனால் அவர் தமிழில் மரியாதை என்பதே கிடையாது. கலெக்டரே வந்தாலும் நீ, வா, போதான்.

"நான்தான் மேடம். நீ வா, உக்காரு, சாயா குடி" என்றார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சிங்ஜி" என்றேன். மீசைக்குள் ஒரு சிரிப்பு.

அன்று நாள் முழுக்க கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. செல்வராணி என் பக்கத்தில் நின்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரிய எரிய அவள் முகம் வாடியது. "நெசமாங்க அக்கா, போன வாரம் எட்டுத் தடவ போச்சு" என்றாள். நான் தலையாட்டினேன். நம்பினேனா என்று கேட்டால், பாதிதான். எனக்குக் கப்பல் பிடிக்க வேண்டும், படுக்க வேண்டும். 'பரிசோதித்ததில் கோளாறு ஏதும் இல்லை' என்று எழுதினேன்.

போர்ட் பிளேரில் சார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பக்கா?"

"பக்கா சார்."

நான் அவரிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு மெமோவின் நகல் எங்கள் பிரிவுக்கு வந்தது. செல்வராணிக்குக் கொடுத்தது. 'தொழில்நுட்பப் பிரிவு பரிசோதித்ததில் கோளாறு ஏதும் இல்லை எனத் தெரிய வருவதால், தாங்கள் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்ததாகக் கருதி, ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது' என்று கேட்டிருந்தது. என் வரி, என் வார்த்தைகள், ஒரு புள்ளி மாறாமல். படித்ததும் அவளுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னைய டிக்கெட் சோர்னு கூப்பிடுறாங்கக்கா" என்றாள். சோர் என்றால் திருடன். "பஜாருக்குப் போக ஏலாது. மீன் விக்கிறவருகூட, உனக்கென்னம்மா போர்ட் பிளேர் காசுன்னு சொல்றாரு. வேல போனாப் போகட்டும்க்கா. கள்ளின்னு பேரு வாங்கிட்டுப் போக ஏலாது."

அவள் என்னைக் குற்றம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சாரிடம் போய் நின்றேன். "மறுபடி போகணும் சார்." மெமோவைப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து சாட்சியை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு திங்கக்கிழமை இருந்துட்டு வா. அந்த டைரியையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

கப்பலில் படுத்தபடி பழைய டைரியைப் படித்தேன். முதல் தடவை போன அன்று, பாதி மயக்கத்திலும் பழக்கத்தினால் ஒரு வரி எழுதியிருந்தேன். 'மழை. பவர் ஹவுஸில் ரிப்பேர். நாள் முழுக்க ஜெனரேட்டர்.' அதை மூன்று தடவை படித்தேன். ஜெனரேட்டரில் ஓடினால் எது ஓடாது? எழுந்து உட்கார்ந்தேன். ஏசி ஓடாது. அந்த அறைக்கு ஏசி மாட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோளாறும் ஆறு மாதமாகத்தான். 'இந்த ரூம்ல என்ன மாறுச்சு' என்ற சாரின் முதல் கேள்வியை நான் அன்று யாரிடமும் கேட்கவேயில்லை.

சரி, ஏசிக்கும் ப்ளக்குக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் புரியவில்லை. குளிரில் ஈரம் கோக்கிறதா? அப்படியானால் திங்கள் மட்டும் ஏன்?

முதல் திங்கட்கிழமை. கரண்ட் இருந்தது. எட்டே முக்காலுக்குக் கவுன்ட்டர் திறந்தது. வரிசை வெளியே மாமரம் வரைக்கும் நின்றது. ஒன்பதுக்கு ஏசி போட்டார்கள். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து விளக்கையே பார்த்தேன். ஒன்பதே கால், எரிகிறது. ஒன்பதரை, எரிகிறது. ஒன்பது ஐம்பதுக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. அணைந்தது.

"போச்சா?" என்றாள் செல்வராணி மேலேயிருந்து.

"போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் சந்தோஷம்தான் இருந்தது. நெட் போனதற்காக மகிழ்ந்த முதல் டெக்னீஷியன் நானாகத்தான் இருப்பேன். வெளியே வரிசையில் சத்தம் கிளம்பியது. "தேக்கோ, ஷுரு ஹோ கயா! ஆரம்பிச்சாச்சு பாரு!" என்று யாரோ கூவினார்கள்.

ப்ளக்கைப் பிடுங்கி டார்ச் அடித்தேன். பொன்னிறப் பற்களின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஓட்டைக்குள்ளும் அதே வெள்ளை. உப்புதான், கடல் உப்பு, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். அது உருகியது.

உப்பு விரலில் உருகுமா? கையை மூக்கின் அருகே கொண்டுபோனேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது எல்லாப் பெண்களின் தலையிலும் வந்த வாசனை. தேங்காய் எண்ணெய்.

"சிங்ஜி!" என்று கூப்பிட்டேன். வந்தார். ப்ளக்கைக் காட்டினேன். பெருமையோடு தலையாட்டினார்.

"ஆமா மேடம். சனிக்கிழமை ஆபீஸ் மூடினதுக்கப்பறம் போடறேன். என் அப்பா ஃபௌஜி. வாரம் ஒருநாள் வீட்ல இருக்கற இரும்பு எல்லாத்துக்கும் எண்ணெய் போடும். கத்தி, பூட்டு, சைக்கிள், சாமான். உப்புக் காத்து இரும்பத் தின்னும், நீ பாத்தியா? நான் ஆபீசுக்கும் போடறேன். ஒரு ப்ளக் கூட துரு இல்ல."

"எவ்வளவு போடுவீங்க?"

"முன்னாடி ஒரு சொட்டு. போன தடவை நீதானே சொன்ன, ரொம்ப நல்லா வச்சிருக்கேன்னு! அதுக்கப்பறம் ரெண்டு சொட்டு."

செல்வராணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ப்ளக்கைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் கத்திக்கொண்டிருக்க, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. நானும் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். வருடக்கணக்காக அவர் போட்ட எண்ணெய் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, ஏனென்றால் கேம்பல் பே வெயிலில் தேங்காய் எண்ணெய் தண்ணீராகத்தான் இருக்கும். ஏசி வந்தது. குளிர்ந்த அறையில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து மெழுகாக உறைந்தது. பற்களுக்கும் ஓட்டைக்குள் இருக்கும் கம்பிகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை மத்தியானம் வரை செல்வராணி பிடுங்கிப் பிடுங்கி மாட்டியதில் தேய்ந்து வழிந்து போகும். மறுபடி சனிக்கிழமை சிங்ஜி.

டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கி, சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பத்தரைக்குக் கவுன்ட்டர் ஓடியது. ஆனால் நான் சொன்னால் போதுமா? அங்கிருந்த பொறுப்பு அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குத் தாளில் நிரூபணம் வேண்டும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் ஊற்றி ஏசிக்குக் கீழே அவர் கண்ணெதிரே வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெள்ளையாக உறைந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன், விழவில்லை. அவர் தன் பேனாவால் குத்திப் பார்த்துவிட்டு, "அச்சா!" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சிங்ஜியை வழக்கம்போல எண்ணெய் போடச் சொன்னேன், அந்த அறையில் டிக்கெட் கம்ப்யூட்டருக்கும், நெட்டுக்கு யாரும் பயன்படுத்தாத இன்னொரு கம்ப்யூட்டருக்கும். ஞாயிறன்று டிக்கெட் கம்ப்யூட்டரை மட்டும் ஸ்பிரிட்டால் சுத்தம் செய்தேன். திங்கட்கிழமை இரண்டையும் போட்டு, அதிகாரியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எண்ணெய் போட்டது செத்தது. சுத்தம் செய்தது சாயங்காலம் நாலு வரை ஒரு சிமிட்டல் இல்லாமல் ஓடியது. அவர் நேரங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிங்ஜிக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பதினோரு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த வருடம்தான் நகர ஆரம்பித்திருந்தது.

"மேடம், என் பேர் எழுதுவியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் செல்வராணி சொன்னாள்: "அவரு வேலய எடுத்துட்டு என் வேலயக் குடுக்கறதுன்னா எனக்கு வேணாம்க்கா." ஆறு மாதமாக அவளைத் திருடி என்று ஊரே சொன்னதற்குக் காரணமான எண்ணெய். அவள் குரலில் கொஞ்சமும் தயக்கமில்லை.

திரும்பும் கப்பலில் வாந்தியே வரவில்லை. அறிக்கையை எழுதி எழுதிக் கிழித்ததில் அதற்கு நேரமில்லை. கடைசியில் எழுதியது இது: 'உப்புக் காற்றிலிருந்து காப்பதற்காகப் ப்ளக்குகளுக்கு எண்ணெய் இடப்பட்டிருந்தது. உப்பிலிருந்து இணைப்புகளைக் காப்பது எப்படி என்று எந்த அலுவலகத்துக்கும் எங்கள் பிரிவு இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை. முதல் வருகையில் ஏசி ஓடவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. கோளாறு இல்லை என்று நான் எழுதியது தவறு. எனக்குக் கிடைக்கவில்லை என்றே எழுதியிருக்க வேண்டும். கவுன்ட்டர் ஊழியர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.'

சார் நின்றுகொண்டே படித்தார். "இது ஒன் ஃபைல்ல போகும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சிங்ஜி பேரு எங்க?"

"தேவையில்ல சார். நாமதான சொல்லித் தரல."

ஹூம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன் நீளக் கையால் எழுதினார்: 'முதல் அறிக்கையைச் சரிபார்க்காமல் அனுப்பியது நான். தவறில் எனக்கும் சம பங்கு.' அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டிய வருடம் அது. எனக்குப் பதறியது.

"சார், வேணாம். நீங்க பக்காவான்னு கேட்டீங்க. நான்தான் பக்கான்னு சொன்னேன்."

"பக்காவான்னு கேட்டேன். ஏசி ஓடுச்சான்னு கேக்கல. அத கேக்கறதுக்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் தர்றான். டீக் ஹை, போ."

மெமோவை வாபஸ் வாங்கினார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சார் பிரிவு முழுக்க ஜலேபி வாங்கிக் கொடுத்தார். "கூட்டா வாங்கின மொத இனாம்" என்றார். அவருடைய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. சிங்ஜி மறுவருடம் நிரந்தரமானார். எல்லா அலுவலகங்களுக்கும் உப்பைப் பற்றிச் சுற்றறிக்கை போயிற்று. எழுதியவள் நான்.

மெமோ வாபஸ் ஆனதற்கு அடுத்த திங்கட்கிழமை பத்தரை மணிக்கு என் மேசை ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, நாந்தான். கேளுங்க" என்றாள் செல்வராணி.

அவ்வளவுதான், பிறகு பேச்சே இல்லை. கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று மறுபடியும் கர்ர். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. ரிசீவரை டிக்கெட் அடிக்கும் பிரின்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. டிக்கெட் கிழிபடும் சத்தம்கூடக் கேட்டது. பிரிவில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை டிக்கெட் போயிருக்கும், பத்து இருக்குமா, தெரியாது. கடைசியில், ஃபோனை வைத்துவிட்டு டிக்கெட்டைக் கொடு என்று வரிசையிலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.

"மேடம்ஜி, ஃபோன் ரக்கோ! டிக்கெட் தோ!"

"தேரி ஹூங் பய்யா, இதோ குடுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.